திரும்பத் திரும்ப அதே ஏழு முகம்

மேட்ரிமோனி ஆப் வைத்திருக்கும் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் ஒரு புலம்பல் வந்துவிடும். "போன மாசம் காட்டின அதே ஆளுங்களைத்தான் இந்த மாசமும் காட்டுறான், காசு வேற புடுங்கிட்டான்." விருதுநகரிலும் இதே பாட்டு, சிவகாசியிலும் இதே பாட்டு. இந்தியாவுக்கே மேட்ச் சப்ளை செய்யும் ஊர்க்காரனுக்கு ஒரு மேட்ச் கிடைக்கவில்லை என்பது கொடுமைதான் :-)

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் "அல்காரிதம் சரியில்லை" என்பது. கொஞ்சம் விவரமானவர்கள், "வேணும்னே காட்ட மாட்டான், கல்யாணம் ஆயிட்டா சந்தா போயிருமே" என்பார்கள். இரண்டுமே பாதி உண்மை. மீதிப் பாதியைப் பேச யாருக்கும் விருப்பம் இல்லை. ஏனென்றால் அது ஆப்பில் இல்லை, வீட்டில் இருக்கிறது.

முதலில் டேட்டிங் ஆப் சமாச்சாரத்தை முடித்துவிடலாம். 2012-ல் டிண்டர் வந்தது. பிடித்தால் வலப்பக்கம் தள்ளு, பிடிக்காவிட்டால் இடப்பக்கம் தள்ளு. செஸ் ஆட்டக்காரர்களுக்குப் போடும் ஈலோ ரேட்டிங் மாதிரி ஒரு மதிப்பெண் வைத்து, ஆளுக்கேற்ற ஆளைக் காட்டிக்கொண்டிருந்தது. 2019-ல், அந்த முறை இப்போது இல்லை என்று அந்த நிறுவனமே சொல்லியது. மதிப்பெண் எதுவானாலும், தொலைவு என்று ஒன்று இருக்கிறதே! சிவகாசியில் உட்கார்ந்துகொண்டு 20 கிலோமீட்டர் என்று வைத்தால் சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் வரும், நடுவில் நிறைய வெடி ஆபீசும் கருவேலமும் வரும். அந்த வட்டத்துக்குள் தன் போட்டோவைத் தைரியமாகப் போடும் பெண்கள் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? போட்டால் அடுத்த நாளே சித்தப்பாவுக்கு ஸ்கிரீன்ஷாட் போய்விடும். பையன்கள் குவிந்து கிடக்க, பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும் இடத்தில் அதே முகம்தான் சுற்றிச் சுற்றி வரும். இதில் ஆராய்ச்சி செய்ய ஒன்றும் இல்லை.

ஆனால் மேட்ரிமோனி விஷயம் அப்படி இல்லை. அங்கே ஆள் பஞ்சம் கிடையாது. 2011 கணக்கெடுப்பின்படி விருதுநகர் மாவட்ட மக்கள்தொகை 19 லட்சத்துக்கும் மேல். ஆயிரம் ஆண்களுக்கு 1007 பெண்கள். ஹரியானா மாதிரி பெண் இல்லாத ஊர் என்று சாக்குச் சொல்ல முடியாது. அப்புறம் ஏன் அதே முகம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கற்பனைக் கணக்குதான், ஆனால் வீட்டில் நடப்பதைவிடக் கடுமையாக ஒன்றும் இல்லை. சிவகாசியில் 26 வயதுப் பெண், பி.ஈ. படித்தவர். வயது பொருந்தும் மாப்பிள்ளைகள் தென் மாவட்டங்களில் 20,000 பேர் அந்த ஆப்பில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சொந்தச் சாதி, ஐந்தில் ஒருவர்: 4,000. பெண்ணுக்குச் சமமாகவாவது படித்திருக்க வேண்டும், நாலில் ஒருவர்: 1,000.

இப்போது ஜாதகக் கட்டைப் பிரிக்கிறார்கள். லக்னத்தில் இருந்து 2, 4, 7, 8, 12-ல் செவ்வாய் இருந்தால் தோஷம். பன்னிரண்டு கட்டத்தில் ஐந்து! அதாவது தோஷம் இல்லாத பெண்ணுக்குப் பன்னிரண்டில் ஏழு பங்குதான் மிச்சம். (சந்திரனில் இருந்து, சுக்கிரனில் இருந்து என்றும் எண்ணுகிறவர்கள் உண்டு. அப்படி எண்ணினால் ஊரில் பெரும்பாலோர் தோஷக்காரர்கள்தான். அதனால்தான் விதிவிலக்கு என்று ஒரு நீளப் பட்டியலும் கூடவே வருகிறது.) மிச்சம் 583. அடுத்து ரஜ்ஜு. இருபத்தேழு நட்சத்திரத்தையும் ஐந்தாகப் பிரித்திருக்கிறார்கள். பாதம், தொடை, உதரம், கண்டம் நாலுக்கும் ஆறாறு நட்சத்திரம், சிரசுக்கு மூன்று. இருவரும் ஒரே ரஜ்ஜு என்றால் ஆகாது. ஐந்தில் ஒரு பங்கு இதில் காலி. மிச்சம் சுமார் 460.

சம்பளமும் சொந்த வீடும் பார்த்தால் நாலில் ஒன்று: 115. உயரம், நிறம் என்று பாதி போனால்: 57. இத்தனையும் பெண் வீட்டு வடிகட்டிதான். மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு வடிகட்டி இருக்குமே, "25-க்கு மேல வேண்டாம்", "வேலைக்குப் போகக் கூடாது", "கண்ணாடி போடக் கூடாது" என்று. அதில் நாலில் ஒரு பங்குதான் தேறும்: 14. அதில் பாதிப் பேர் கணக்குத் தொடங்கிவிட்டு ஆறு மாதமாக உள்ளேயே வராதவர்கள்.

ஏழு பேர்.

இந்த ஏழு பேரை வைத்துக்கொண்டு எந்த அல்காரிதமாக இருந்தாலும் என்ன செய்யும்? மாற்றி மாற்றி அடுக்கும். தினமும் உள்ளே வருகிறவரையும் காசு கட்டியவரையும் மேலே வைக்கும். ஒரு வாரம் கழித்து, "உங்களுக்காகப் புதிய வரன்கள்" என்று அதே ஏழு பேரைத் தலைகீழாக வரிசைப்படுத்தும். பாவம், அதற்கும் வேறு வழி இல்லை.

சம்பளம், படிப்பு, ஊர் எல்லாம் சேர்ந்து வாழப்போகிற இரண்டு பேரின் வாழ்க்கையைத் தொடுகிற விஷயங்கள். அதைக் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, பேராசை என்றாவது சொல்லலாம். சாதி எதைத் தொடுகிறது? மேலே போட்ட கணக்கில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் இரண்டு தரப்பும் எடுத்துவிட்டால் ஏழு பேர் 35 பேர் ஆவார்கள். "எங்க ஆளுங்கள்ல நல்ல மாப்பிள்ளையே இல்லை" என்று 28 வயதுப் பெண்ணின் அம்மா கோயில் கோயிலாகச் சுற்றும்போது, மீதி 28 பேர் அதே ஆப்பில், ஒரு டிக் மார்க்குக்கு அந்தப் பக்கம், தங்கள் ஏழு பேரைப் பார்த்துச் சலித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் எந்தச் சாதியும் உத்தமம் இல்லை. எல்லா வீட்டிலும் இதே கதைதான். ஆப் வருவதற்கு முன்னால் மஞ்சப்பையில் ஜாதகம் சுமந்து வந்த தரகரும் இதையேதான் செய்தார். அவருக்கும் முந்தைய ஏற்பாடு அத்தை மகன், மாமன் மகள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்விலும் தமிழ்நாட்டுத் திருமணங்களில் நாலில் ஒன்றுக்கு மேல் சொந்தத்துக்குள் நடந்தவை என்றுதான் வந்தது. காதுகுத்தில் பார்த்த முகம், சடங்கு வீட்டில் பார்த்த முகம், கடைசியில் மணவறையிலும் அதே முகம். ஆப் பாவம் என்ன புதிதாகச் செய்துவிட்டது?

இந்த இடத்தில் கம்பெனிக்காரர்கள் உற்சாகமாகி விடுவார்கள். "பாத்தீங்களா, நாங்க வெறும் கண்ணாடி. மக்கள் கேட்டதைக் காட்டுறோம்." இந்த வாதத்தைத்தான் விடக் கூடாது.

முருகவேல் ஜானகிராமன் 1997-ல் அமெரிக்காவில் இருந்தபடி தமிழர்களுக்காக ஆரம்பித்த இணையதளம்தான் பின்னால் பாரத் மேட்ரிமோனி ஆனது. அதன் தாய் நிறுவனம் சென்னையில் இருக்கிறது, 2017-ல் பங்குச் சந்தைக்கும் வந்தது. ஒரு தமிழர் கட்டிய கம்பெனி இவ்வளவு வளர்ந்ததில் பெருமைப்படலாம். ஆனால் அதே குடையின் கீழ் சாதிக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கில் தளங்கள் நடத்துகிறார்களே, அதைக் கண்ணாடி என்பதா? சாதிவாரியாகச் சுவர் எழுப்பி, ஒவ்வொரு அறைக்கும் தனிக் கதவு வைத்து, கதவுக்குக் கதவு டிக்கெட் விற்பவரைக் கண்ணாடிக் கடைக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பதிவுப் படிவத்தில் மதம், சாதி, உட்பிரிவு எல்லாம் முன்வரிசையில் நிற்கும். "சாதி தடையில்லை" என்பது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம். அதை டிக் செய்தவர்களிலும் சிலர் கீழே விவரத்தில் "எஸ்.சி., எஸ்.டி. தவிர" என்று கூச்சமே இல்லாமல் எழுதுவது பத்திரிகை விளம்பரக் காலத்தில் இருந்து தொடரும் அசிங்கம்.

அந்தச் சின்னக் கட்டத்தை மனசார டிக் செய்தாலும் இயந்திரம் நம்புமா என்பது வேறு கேள்வி. காபி மீட்ஸ் பேகல் என்று அமெரிக்காவில் ஒரு டேட்டிங் ஆப். எந்த இனமானாலும் பரவாயில்லை என்று குறித்தவர்களுக்கும் சொந்த இனத்து ஆட்களையே அதிகம் காட்டியது என்று 2016-ல் செய்தி வந்தது. வாய் என்ன சொன்னாலும் ஜனங்கள் தங்கள் ஆட்களைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை இயந்திரம் படித்து வைத்திருந்தது. ஆயிரம் பேரின் பழைய பழக்கத்தை ஆயிரத்து ஓராவது ஆள் மேல் சுமத்துவதற்குப் பெயர்தான் பரிந்துரை!

"சாதி பார்ப்பதால் நஷ்டம் ஒன்றும் இல்லை" என்று பொருளாதாரப் படிப்பாளிகள் மடக்கக்கூடும். நோபல் வாங்கிய அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உட்பட நால்வர் 2013-ல் வெளியிட்ட ஆய்வு அதற்கு உதவும். வங்காளப் பத்திரிகை ஒன்றின் மணமக்கள் தேவை விளம்பரங்களை வைத்துச் செய்தது. முதுகலை படித்த மாப்பிள்ளைக்கும் படிப்பே இல்லாத மாப்பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தையே விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பார்கள், சாதியை விட மாட்டார்கள் என்று பெண் வீட்டாரின் விருப்பத்தை அளந்தார்கள். ஆனால் எல்லாச் சாதியிலும் எல்லா மாதிரி ஆளும் இருப்பதால் யாரும் அவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்க நேர்வதில்லை என்றும் சொன்னார்கள். கல்கத்தா மாதிரிப் பெருநகரத்துப் பெரிய கூட்டத்தில் அது சரியாகவே இருக்கலாம். ஆண்டுக்குப் பத்துப் பெண்கள்கூட பொறியியல் முடிக்காத ஒரு சின்னச் சாதிக்காரர், திருத்தங்கலில் உட்கார்ந்து தேடும்போது அந்தக் கணக்கு செல்லாது. எண்ணிக்கை குறையக் குறைய நஷ்டம் கூடும்.

பெற்றோர் எல்லாரும் வெறியர்கள் என்பதும் அநியாயம். நிறைய வீடுகளில் இருப்பது பயம். 2016-ல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், கடைவீதியில், சாதி மாறிக் கட்டிய ஒரு மாணவனை வெட்டிக் கொன்றதை கேமரா வழியாகத் தமிழ்நாடே பார்த்தது. அதைப் பார்த்த தகப்பன் ஆப்பில் சாதிக் கட்டத்தை நிரப்பாமல் விடுவாரா? ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரு வீட்டாரும் சேர்ந்து பேசி, பெரியவர்கள் கையெழுத்தோடு சாதி தாண்டி ஒரு கல்யாணம் நடக்க வேண்டும் என்றால், அதற்கு மேட்ரிமோனி ஆப்பைவிடப் பொருத்தமான கருவி இதுவரை வந்ததில்லை. அங்கே ஓடிப்போவது கிடையாது, ஒளிவது கிடையாது. அப்பாவின் போனிலேயே பார்க்கலாம். அந்தக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு மஞ்சப்பை வேலைக்கே திருப்பிவிட்டார்கள் என்பதுதான் எரிச்சல்.

இந்த மண்ணில் முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. 1928-ல் பெரியார் தலைமையில் புரோகிதர் இல்லாமல் நடந்த முதல் சுயமரியாதைத் திருமணம் என்று சொல்லப்படுவது நடந்தது இதே மாவட்டத்தில், அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில். 1931-ல் சுயமரியாதை மாகாண மாநாடு விருதுநகரிலேயே கூடியது. அந்தத் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் 1967-ல் அண்ணா ஆட்சியில்தான் வந்தது. சட்டம் வருவதற்கு 39 வருடம் முன்பே ஒரு கிராமம் செய்து காட்டிவிட்டது.

வடிகட்டியை எடுத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பூச்சாண்டிக்கும் பதில் இருக்கிறது. ஷாதி டாட் காம் தளத்தில் தோல் நிறத்தை வைத்துத் தேடும் வசதி ஒன்று இருந்தது. 2020 ஜூனில் வெளிநாட்டு இந்தியப் பெண்கள் இணையத்தில் கையெழுத்து சேகரித்துக் கேள்வி கேட்டதும் அதைத் தூக்கிவிட்டார்கள். கம்பெனி ஒன்றும் மூழ்கவில்லை. நிறத்தை எடுத்த கைக்குச் சாதியை எடுக்கத் தெரியாதா? ஒரேயடியாக எடுக்கக்கூட வேண்டாம். சாதிக் கட்டத்தைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளி, "எந்தச் சாதியானாலும்" என்பதை முதல் தேர்வாக வைத்து, வேண்டாம் என்பவர் மெனக்கெட்டுப் போய் மாற்றட்டும். சோம்பேறித்தனத்தின் பலத்தைக் கொஞ்சம் நல்ல காரியத்துக்கும் பயன்படுத்திப் பார்க்கலாமே.

சந்தா முடியப் போகிறது என்றால் மேட்ரிமோனியில் இருந்து போன் வரும். "சார், கோல்டு பேக்கேஜ் போட்டீங்கன்னா நிறைய வரன் காட்டும்" என்பார்கள். அப்போது ஒன்றே ஒன்று கேட்டுப் பாருங்கள். கோல்டுக்கு எத்தனை வரன் கூடும், சாதிக் கட்டத்தைக் காலியாக விட்டால் எத்தனை வரன் கூடும்? இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.