படமும் ஓர் எடைக்கல்



மும்பை, பெங்களூரு போன்ற பட்டணங்களில் ஒற்றை அறை வீட்டில் இருந்துகொண்டே சுடுமண் தோடு, பட்டுநூல் ஜிமிக்கி, மணிமாலை முதலியவற்றைச் செய்து விற்று, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வழிகாணும் தாய்மார் அநேகர். நகை அணிவதைக் குறித்து நம் சபைகளில் வெவ்வேறு ஒழுங்குகள் உண்டு. அவற்றை இங்கே ஆராயப் போவதில்லை. விற்கிறவர் வாங்குகிறவருக்கு அனுப்பும் படத்தைப் பற்றியே இம்மாதம் சிந்திப்போம்.

வாங்குகிறவர் பொருளைத் தொட்டுப் பார்ப்பதில்லை. கைபேசியில் வந்த படத்தை நம்பியே பணம் அனுப்புகிறார். படத்தில் அரக்குச் சிவப்பாய்த் தெரிந்த ஜிமிக்கி கைக்கு வரும்போது செங்கல் நிறமாயிருந்தால், பொருள் திரும்பி வரும். அஞ்சல் செலவும் நம்மேல் விழும். அதைப் பார்க்கிலும் பெரிய நஷ்டம், நம் வார்த்தையின்மேல் அவர் வைத்த நம்பிக்கை போய்விடுவதே.

இக்குறை பெரும்பாலும் வெளிச்சத்தினால் உண்டாகிறது. மஞ்சள் குண்டு பல்பின் ஒளி ஏறக்குறைய 2700 கெல்வின். நண்பகல் ஒளி ஏறக்குறைய 5500 கெல்வின். இரண்டும் ஒரே நகையின்மேல் விழுந்தால் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் தோன்றும். மேலும், மினுக்கிய உலோகம் கண்ணாடியைப்போல் எதிரிலுள்ளதைப் பிரதிபலிக்கும். நேராக விழும் விளக்கொளி அதில் வெள்ளைப் புள்ளியாய்ப் பளிச்சிட்டு, வேலைப்பாட்டை மறைத்துவிடும்.

இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஓரடிக்குக் குறையாத அட்டைப்பெட்டி ஒன்றை, அதன் வாய் நம்மை நோக்கும்படி படுக்க வையுங்கள். இடம், வலம், மேல் ஆகிய மூன்று பக்கங்களிலும் ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டு நடுவை வெட்டியெடுத்து, அத்திறப்புகளை டிரேசிங் பேப்பரால் மூடி ஒட்டுங்கள். வெள்ளைச் சார்ட் தாளின் ஒரு முனையை உள்ளே பின்பக்கத்தின் மேலே ஒட்டி, மடிப்பு விழாமல் வளைவாய் அடிப்பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பின்னணியில் கோடு தெரியாது. பெட்டிக்கு வெளியே இருபுறமும் ஒரே வகையான வெள்ளை எல்.இ.டி. விளக்குகளை வையுங்கள். குண்டு பல்பு வேண்டாம். அதன் சூட்டினால் தாள் தீப்பற்றக்கூடும். தாளின் வழியே பரவிவரும் ஒளி மென்மையாகி, நிழலையும் கண்கூசும் புள்ளியையும் தணிக்கும். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

கைபேசியின் லென்சைத் துடைத்து, புத்தக அடுக்கின்மேல் அசையாமல் சாய்த்து நிறுத்தி, டைமர் வைத்து எடுங்கள். வெண்மை நிறைந்த காட்சியைக் கேமரா தானாகவே சாம்பல் நிறமாய் மங்கச் செய்யும். ஆகையால் திரையில் நகையைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றே உயர்த்துங்கள்.

எடுத்தபின் கவர்ச்சிக்காக நிறம் ஏற்றாதிருங்கள். பகல் வெளிச்சத்தில் நகையையும் படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். அளவு விளங்கும்படி, 27 மி.மீ. விட்டமுள்ள 10 ரூபாய் நாணயத்தை ஒரு படத்திலாவது பக்கத்தில் வையுங்கள். கீறலோ நிற வேறுபாடோ இருந்தால் அதையும் தனிப்படமாய்க் காட்டுங்கள்.

கள்ளத் தராசைக் குறித்து நீதிமொழிகள் எச்சரிப்பதை நாம் அறிவோம். அக்கால வியாபாரியின் பையிலிருந்த எடைக்கல்லின் இடத்தில், இன்று வீட்டிலிருந்து விற்கிறவளின் கையிலுள்ள படம் இருக்கிறது. அது குறையாமலும் கூடாமலும் இருக்கட்டும். உங்கள் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.