தலைவலி என்றால் சாக்குப்போக்கா?

தலைவலி என்று சொன்னால் சிரிக்கிறார்கள். காய்ச்சலென்றால் தொட்டுப் பார்க்கலாம். வெட்டுக்காயமென்றால் இரத்தம் தெரியும். ஒற்றைத் தலைவலிக்கு என்ன சாட்சி? பிரட்டுக் களத்தில் மண்டோரும் தொழிற்சாலை வாசலில் சூப்பர்வைசரும் கேட்பது இதைத்தான்.

இது நரம்பு நோய். மருந்தில்லாமல் விட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை ஆளைப் போட்டு வாட்டும். மண்டையின் ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது. பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். 1996இல் வெளிவந்த மலேசிய ஆய்வொன்று, ஓராண்டில் 100க்கு ஏறத்தாழ 9 பேருக்கு இந்நோய் கண்டதாகச் சொல்கிறது.

இது படித்தவர்க்கும் பணக்காரர்க்கும் வரும் நோய் என்றொரு பழைய எண்ணம் உண்டு. மூளையால் உழைப்பவருக்கு மட்டும் வருமாம்! 1992இல் அமெரிக்காவில் 20,000 பேருக்குமேல் விசாரித்து அதைக் கவிழ்த்துவிட்டார்கள். வருமானம் மிகக் குறைந்த குடும்பங்களில், வசதியுள்ள குடும்பங்களைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் அதிகம். 'நோயால் வேலையிழந்து ஏழையாகிறார்கள், அவ்வளவுதான்' என்று வாதாடியவர்களும் உண்டு. 2013இல் அதே நாட்டில் நடந்த கணக்கு வேறு சொன்னது. ஏழைக் குடும்பங்களில் நோய் புதிதாகத் தொடங்குவதே அதிகம். விட்டுப் போவது மட்டும் ஏழைக்கும் செல்வர்க்கும் ஒன்றுபோல். வறுமையே முந்தி நிற்கிறது என்ற பக்கம்தான் தராசு சாய்ந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்கு விளக்கம் தேட வேண்டியதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது, நம்மவர்கள் புறம்போக்குக் குடிசைகளுக்கும், பிறகு அடுக்குமாடிகளுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். (லயத்து வாழ்வைப் புகழ்வதாக எவரும் எண்ண வேண்டாம்.) கிள்ளான் வட்டாரக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட், பகலில் தகரம்போல் கொதிக்கும் அறையில் அரைத் தூக்கம். பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் பிறருக்குப் பரிமாறிவிட்டு மூன்று மணிக்கு முதல் கவளம். கோலாலம்பூர் மலிவுவிலை அடுக்குமாடிக் குழந்தைகளில் 12 விழுக்காட்டினர் மூன்று வேளை உண்பதில்லை என்று 2018இல் யூனிசெப் சொன்னது. குழந்தைக்கே இல்லாத வீட்டில் தாய் என்ன உண்பாள்? பசி, தூக்கக்கேடு, வெக்கை, இரைச்சல்: ஒற்றைத் தலைவலியைக் கிளப்பிவிடுபவை இவைதாம். விடியுமுன் வெறும் வயிற்றோடு மரத்துக்குப் போகும் நமக்கும் இது புதிதல்ல.

கோடாலித் தைலமும் பனடோலும் நம் வைத்தியம். தைலத்தால் கேடில்லை. ஆனால் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வலி மாத்திரை விழுங்கிவந்தால், மாத்திரையே தலைவலியை வளர்க்கும். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். வலி வராமல் தடுக்கும் மாத்திரையும் உண்டு, கேட்டு வாங்குங்கள். இடி விழுந்தாற்போல் திடீரென வந்தாலோ, கைகால் தளர்ந்தாலோ, வாய் குழறினாலோ கிளினிக் வேண்டாம், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்துடன் நோய் விடுப்பு ஆண்டுக்கு 14 நாள். இரண்டாண்டு வேலை செய்தவர்க்கு 18, ஐந்தாண்டானால் 22. டாக்டர் சீட்டு இருந்தால் போதும், எந்த நோய் என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. சீட்டைக் கண்டும் முகம் சுளிக்கும் நிர்வாகத்தின் பெயரைக் கிராணிமார் கிளைக்கு எழுதி அனுப்பட்டும். வேலைக்கு நடுவே உண்ணவும் குடிக்கவும் உரிய நேரம், ஓர் இருட்டறை, ஒரு பாய்: அடுத்த ஒப்பந்தப் பேச்சில் இவற்றையும் வைக்கும்படி கிளைகளைக் கேட்டுக்கொள்கிறோம்.