மயிலிட்டிக்கு எவ்வளவு நேரம்?

திருச்சி விமான நிலையத்துக்கும் இலங்கையில் உள்ள பலாலி விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம் என்று இந்த வாரம் செல்பேசியில் தேடினேன். நேர்கோட்டில் 184 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 22 நிமிடம் என்று வந்தது. பார்த்ததும் எரிச்சல். தூரத்தை வேகத்தால் வகுத்து அதையே பயண நேரம் என்று சொல்லும் பழக்கத்தின் மேல் எனக்குள்ள கோபம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். பேருந்துக்கும் ரயிலுக்கும் எழுதியாயிற்று. விமானம் மட்டும் பாக்கி.

2025 மார்ச் 30 முதல் இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் 72, இறக்கைக்கு ஒரு விசிறி சுழலும் விமானம். அந்த 22 நிமிடக் கணக்கில் உள்ள மணிக்கு 500 கிலோமீட்டர் என்பது அது மேலே போய்ச் சீராகப் பறக்கும்போதுள்ள வேகம். இவ்வளவு குறுகிய தடத்தில் அந்தச் சீர் வருவதற்குள் இறங்கும் வேளை வந்துவிடும். பாதிக்கு மேல் ஏற்றமும் இறக்கமும்தான். நின்ற இடத்திலிருந்து ஓடுபாதை முனைவரை ஊர்ந்து போக வேண்டும். காற்றுக்கு எதிர்முகமாகக் கிளம்பி, எதிர்முகமாகவே இறங்க வேண்டும். அதற்காகச் சுற்றி வளைந்து வரவும் நேரலாம். சக்கரத்துக்கு அடியிலிருந்து கட்டையை எடுப்பதில் தொடங்கி, அக்கரையில் கட்டை வைக்கும்வரை கணக்கிட்டுத்தான் கால அட்டவணையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் போடுகிறார்கள். நேர்மையான எண் அதுதான்.

நான் தேடியது எனக்காக இல்லை. திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இலங்கை அகதிகளின் கொட்டப்பட்டு முகாம். அங்கே எனக்குப் பழக்கமான ஆச்சி ஒருவர், தலைக்கு மேல் போன விமானத்தைக் காட்டிக் கேட்டார்: "தம்பி, உது எங்கட ஊருக்குப் போக எவ்வளவு நேரமெடுக்கும்?"

அவர் ஊர் மயிலிட்டி. பலாலி ஓடுபாதைக்கு அயலில் உள்ள மீன்பிடிக் கரை. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது அந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் ஒரேயடியாகக் காலியாயின. பிறகு உயர் பாதுகாப்பு வலயம் என்று வேலி விழுந்தது. மயிலிட்டித் துறைமுகமே 2017 ஜூலையில்தான் மக்கள் கைக்குத் திரும்பியது. சுற்றியுள்ள காணிகளில் இன்னும் விடுபடாதவை உண்டு. ஆச்சியின் காணி அதில் ஒன்று.

அவர் வந்த வழியில் கிலோமீட்டருக்கு வேலையில்லை. உறவினர் வீடு, கோயில் மண்டபம், பள்ளிக்கூடம் என்று மாறி மாறித் தங்கி, பேசாலைக் கரைக்கு வந்து, ராத்திரிப் படகேறி ராமேசுவரம், மண்டபம், கடைசியில் கொட்டப்பட்டு. வந்து சேர மூன்று மாதம் ஆயிற்றாம். திரும்பிப் போக இன்று பயணச்சீட்டு மட்டும் போதாது. கடவுச்சீட்டு இல்லாமல் படகில் வந்தவர் தற்காலிகப் பயண ஆவணம் வாங்க வேண்டும், வெளியேறும் அனுமதிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். முகாமிலேயே பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு அதற்கு முன்னால் இலங்கைக் குடியுரிமைப் பதிவு. ஓடுபாதை சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இந்தப் பக்கம் 35 ஆண்டு போயிருக்கிறது. இதை எந்த அட்டவணையில் எழுதுவது?

ஒரு மணி நேரம் ஆகும் என்று ஆச்சியிடம் சொன்னேன். "ஒரு மணித்தியாலமோ?" என்று இழுத்தவர், கொஞ்சம் பொறுத்து இன்னொன்று கேட்டார்.

"இறங்கேக்க யன்னலாலை எங்கட கிணறு தெரியுமே?"

இடப்பக்கமா வலப்பக்கமா, எந்த இருக்கை என்று விசாரித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.