இலேசு இருவகை: ஒரு பயணத் தொப்பியை முன்வைத்து

நூல்களையும் நாடகங்களையும் பேசிவரும் இப்பக்கத்தில் தொப்பியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் வியக்கக்கூடும். ஆனால் 'ஃபெடோரா' என்னும் தொப்பிப் பெயரே நாடக மேடையிலிருந்து வந்ததுதான். பிரெஞ்சு நாடகாசிரியர் விக்டோரியன் சார்தூ எழுதி 1882இல் பாரிசில் அரங்கேறிய 'ஃபெடோரா' நாடகத்தில் உருசிய இளவரசியாக நடித்தவர் சாரா பெர்னார்ட். அந்த நாயகியின் பெயர் தொப்பிக்கு ஆகிவந்தது. முதலில் பெண்டிர் அணியாக இருந்த அது, 1920களில் ஆடவர் தலைக்கு மாறியது. 'காசாபிளாங்கா' (1942) படத்தில் ஹம்ஃப்ரி போகார்ட் அணிந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

குளிர்நாடுகளுக்குப் பயணம் போகும் இலக்கிய நண்பர்கள் சிலர், இலேசான ஃபெடோரா ஒன்றை அளவெடுத்துச் செய்விக்க விரும்புகின்றனர். எந்தக் கைவினைஞரிடம் போவது, எந்த ஃபெல்ட்டைத் தேர்வது என்னும் இரு கேள்விகள் அவர்களிடம் எழுகின்றன. இவை இரண்டல்ல, ஒன்றே என்பது நம் கருத்து. ஃபெல்ட்டைப் பற்றி உண்மை சொல்பவரே நல்ல கைவினைஞர்.

ஃபெல்ட் நெய்த துணியன்று. அதில் ஊடும் இல்லை, பாவும் இல்லை. விலங்கின் மயிரிழையில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. வெந்நீரிலும் ஆவியிலும் உருட்டி அழுத்தும்போது அச்செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. முதலில் துளையிட்ட பெரிய கூம்பின்மேல் மயிர் படலமாகப் படிகிறது. அப்படலம் பலமுறை சுருக்கப்பட்டு, முன்பிருந்த அளவில் சிறு பங்காகிறது. அவ்வாறு சுருங்கச் சுருங்கத்தான் இழைகள் இறுகுகின்றன.

இங்கேதான் இலேசு இருவகையாகப் பிரிகிறது. குறைந்த மயிரைப் போட்டு, அரைகுறையாகச் சுருக்கி நிறுத்திவிட்டாலும் தொப்பி இலேசாகத்தான் இருக்கும். நுண்ணிய மயிரை இறுகச் சுருக்கி, பின் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மெலிவித்தாலும் இலேசாகவே இருக்கும். கடையில் கையிலெடுக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாட்டைக் காட்டுவது மழை. ஆலையில் சுருங்காதது அணிந்தவர் தலைமேல் சுருங்கும். சில நனைதல்களில் மேற்பகுதி கூம்பிப்போய், கொண்ட வடிவம் குலைந்துவிடும். சொல் குறைந்ததாலேயே ஒரு கவிதை செறிவுடையது ஆகிவிடாது என்று வகுப்பறையில் நாம் சொல்லிவருகிறோம். எழுதாமல் விட்டதும் எழுதிக் களைந்ததும் ஒன்றல்ல. ஃபெல்ட்டிலும் அப்படியே.

எம்மயிர் நன்று? ஆட்டுக் கம்பளி மலிவானது. ஆனால் அதன் ஃபெல்ட் தடித்தது, நனைந்தால் தொய்வது, பயணத்திற்கு ஆகாது. முயலின் மயிர் மென்மையானது. நன்கு இறுக்கினால் நெடுநாள் உழைக்கும். ஆஸ்திரேலியாவின் அகுப்ரா தொப்பிகள் முயல் மயிரால் ஆனவை. 1859இல் வேட்டை விளையாட்டுக்காக அங்கே விடப்பட்ட முயல்கள் பெருகி நாட்டுக்கே தொல்லையான கதை பலரும் அறிந்தது. பீவர் என்னும் நீர்வாழ் கொறிவிலங்கின் அடிமயிர் எல்லாவற்றினும் இறுகப் பற்றும், நீரையும் விலக்கும். மெல்லியதாகத் தேய்த்த பின்னும் உரம் குறையாததால், இலேசான பயணத் தொப்பிக்கு அதுவே முதலிடம் பெறுகிறது. விலையும் அதற்கேற்ப ஏறும். கைக்காசு இடங்கொடாதவர் முயலும் பீவரும் கலந்த ஃபெல்ட்டைக் கேட்கலாம். அதில் இழிவொன்றும் இல்லை.

அந்த அடிமயிருக்காகவே வட அமெரிக்காவில் பீவர்கள் பல வட்டாரங்களில் அற்றுப்போகும் அளவுக்கு வேட்டையாடப்பட்டன என்பதையும் மறக்கலாகாது. 1670இல் தோன்றிய ஹட்சன் விரிகுடா நிறுவனத்தின் செல்வம் பெரிதும் அத்தோலால் வந்தது. மனிதர் கொடுத்த விலை வேறு. மயிரைப் பக்குவப்படுத்தப் பாதரச நைட்ரேட் கரைசல் பூசப்பட்டது. அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளருக்குக் கை நடுங்கியது, மனம் ஒடுங்கியது. தொப்பி நகரம் எனப் பெயர்பெற்ற அமெரிக்காவின் டான்பரியில் அந்நடுக்கத்திற்கு ஊர்ப் பெயரே வைத்துவிட்டனர். அமெரிக்கத் தொழிலில் அவ்வழக்கம் 1941இல்தான் முடிவுக்கு வந்தது. லூயி கரோலின் ஆலிஸ் கதையில் (1865) வரும் தொப்பிக்காரரை இந்நோயின் சின்னமாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. நமக்கு அதில் உடன்பாடில்லை. கூச்சமும் ஒதுக்கமுமே அந்நோயின் அடையாளங்கள். அவரோ கூச்சமென்பதே அறியாத வாயாடி. உண்மையில் நோயுற்றவர்கள் கதைக்குள் வரவில்லை. தொழிற்கூடத்தில் பேச்சற்று நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே ஒரு தொப்பியின் பின்னே எத்தனை கைகள் என்று கேட்பது வீண் ஆராய்ச்சியன்று. அளவெடுத்துத் தொப்பி செய்பவர்களில் மிகப் பலர் ஃபெல்ட்டைத் தாமே உருவாக்குவதில்லை. முரட்டுக் கூம்பாக அதை ஆலையிலிருந்து வாங்குகின்றனர். போர்ச்சுகலின் சாவ் ஜோவாவ் த மதெய்ராவும் செக் நாட்டின் நோவி யிச்சீனும் இத்தொழிலில் நெடுநாளாகப் பேர்பெற்ற ஊர்கள். அக்கூம்பை ஆவியில் இளக்கி, மர அச்சில் ஏற்றி, தேய்த்து, விளிம்பை வெட்டி வளைத்து, உள்ளே தோல்பட்டை தைத்து, நாடா கட்டுவது கைவினைஞர் பணி. இது சிறு பணியன்று. ஆயினும் ஆலையின் பெயரைக் கேட்டால் மழுப்புபவரை நாம் நம்புவதற்கில்லை. அட்டையில் மொழிபெயர்ப்பாளர் பெயரை மறைக்கும் பதிப்பகத்தைக் கண்டிக்கும் நாம், இங்கு மட்டும் ஏன் வாளாவிருக்க வேண்டும்?

தொப்பியின் உள்ளே பொறிக்கப்படும் 'எக்ஸ்' குறிகளும் அப்படிப்பட்டவையே. பத்து எக்ஸ், நூறு எக்ஸ் என்று எண் ஏறிக்கொண்டே போகும். பீவர் மயிரின் விழுக்காட்டைக் குறிக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் அதற்கில்லை; ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி இடுகிறது. எனவே கேட்கவேண்டியவை இவை: மயிர் எது, எவ்விகிதத்தில்? ஆலை எது? முடிந்த தொப்பி எத்தனை கிராம்? எவ்வளவு அரக்கு ஏற்றப்படும்? ஃபெல்ட்டை விறைப்பாக்க மரபாகச் சேர்ப்பது அரக்கு. இந்தியக் காடுகளிலிருந்து உலகெங்கும் போன பொருள் அது. பயணத் தொப்பிக்கு அது மிகக் குறைவாக இருத்தல் நலம். விறைத்தது மடங்கினால் தழும்பு நிற்கும். இளகியது கையால் நீவினாலே மீளும்.

இன்னொரு சோதனையும் உண்டு. அக்கைவினைஞர் பழைய தொப்பிகளைப் பிரித்துப் புதுக்கித் தருபவரா என்று பாருங்கள். முன்னோர் தையலைப் பிரித்தவருக்கே அதன் நுட்பம் தெரியும். சுவடியைப் படியெடுத்தவர் பாடவேறுபாடு அறிவது போன்றது அது. தலையின் சுற்றளவை மட்டுமன்றி, அது நீள்வட்டமா உருண்டையா என்பதையும் கேட்பவராக இருக்கவேண்டும். திரைநாயகனின் தொப்பியை அப்படியே செய்து தருகிறேன் என்பவரைவிட, உம் முகத்திற்கு அவ்வுயரம் பொருந்தாது என்று சொல்லத் துணிபவர் மேல். இண்டியானா ஜோன்ஸின் முதல் படத்திற்கான (1981) தொப்பி இலண்டனின் ஹெர்பர்ட் ஜான்சன் கடையில் வாங்கப்பட்டு, அந்நடிகரின் முகத்திற்கேற்பத் திருத்தப்பட்டது என்பதை நகல் கேட்போர் எண்ணிப்பார்க்க வேண்டும். விளிம்பும் மிக அகலமாக வேண்டாம்; வண்டியிலும் விமானத்திலும் பின்சாய்ந்தால் இடிக்கும்.

வாங்கியபின் பேணுதல் எளிது. முன்மடிப்பைக் கிள்ளி எடுக்காதீர்கள். அங்கேதான் முதலில் கிழியும். மேசையில் வைக்கும்போது கவிழ்க்காமல் மல்லாத்தி வையுங்கள். நனைந்தால் உள்பட்டையை வெளியே மடித்து, நெருப்பண்டாமல், காற்றிலே உலரவிடுங்கள். சென்னை வெயிலுக்கு இது ஏற்றதன்று என்பதையும் சொல்லிவிடுகிறோம். அதற்கு ஓலைத் தொப்பியே தகும்.

ஆசிரியச் சம்பளத்தில் சேர்த்த பணம் சிலருக்கு இதில் போகலாம். ஆடம்பரம் என்று அதைப் பழிக்க நமக்கு மனமில்லை. ஆண்டுக்கொன்றாக மலிவுத் தொப்பி வாங்கி எறிவதைவிட, முப்பது ஆண்டு உழைக்கும் ஒன்றை அறிந்து வாங்குதல் சிக்கனமே. ஆனால் புகழ்பெற்ற பெயருக்குக் கொடுக்கும் பணம் வேறு, இறுகிய ஃபெல்ட்டுக்குக் கொடுக்கும் பணம் வேறு. 1857இல் அலெஸ்ஸாந்திரியாவில் தொடங்கிய போர்சலினோவே 2017இல் திவாலாகி, பின்னர் வேறு கைக்கு மாறியது. பெயர் நொடிக்கலாம், நன்றாகச் சுருக்கிய ஃபெல்ட் மழைக்கு அஞ்சாது. கைவினைஞரிடம் போகிறவர்கள் பெயரைப் பிறகு கேட்கட்டும், மயிரையும் ஆலையையும் முதலில் கேட்கட்டும்.