பாலர் கல்வியும் வானிலை ஒளிபரப்பும்

ஆகாயத்தின் வழியே செல்லும் அலைகள் எவருக்குச் சொந்தம் என்னும் கேள்விக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டம் 1927-ம் வருஷத்திலேயே விடை கூறிவிட்டது. எந்த முதலாளியும் அவற்றைத் தன் உடைமையாகக் கொள்ள முடியாது. லைசென்ஸ் பெற்று, குறித்த காலம்வரை உபயோகித்துக்கொள்ளலாம், அவ்வளவே. அந்த லைசென்ஸும் பொதுஜன நன்மை, சௌகரியம், அவசியம் ஆகிய மூன்றையும் கருதியே வழங்கப்பட வேண்டுமென்று 1934-ம் வருஷத்துச் சட்டம் மீண்டும் வற்புறுத்திற்று. நமது நாட்டு சுப்ரீம் கோர்ட்டும் 1995-ல், கிரிக்கெட் ஆட்டத்தின் ஒளிபரப்பு சம்பந்தமாக வந்த வழக்கில், அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்திருப்பதை நேயர்கள் அறிவார்கள். ஆகவே, பொதுச் சொத்தை இலவசமாக அனுபவிக்கும் வியாபாரிகளிடமிருந்து ஜனங்கள் எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்க வேண்டும் என்பது அமெரிக்கர்களின் வீட்டு விவகாரம் மட்டுமன்று. அவர்கள் கேட்ட விதத்தில் நேர்ந்த ஒரு விபரீதத்தையே இன்று எடுத்துக்கொள்ளுகிறோம்.

குழந்தைகளின் பொருட்டு அந்நாட்டில் எழுந்த கிளர்ச்சி பழையது. மாஸசூஸெட்ஸில் பெக்கி சாரன் என்னும் அம்மையார் 1968-ல் வேறு சில தாய்மார்களுடன் சேர்ந்து ஒரு சங்கம் கண்டு, பாலர்களுக்குரிய டெலிவிஷன் நிகழ்ச்சிகள் மிட்டாய் வியாபாரிகளுக்கும் பொம்மை வியாபாரிகளுக்கும் கடைவீதியாகிவிட்டன என்று இடைவிடாது வாதாடி வந்தார். 22 வருஷ உழைப்பின் பயனாக 1990-ல் பாலர் டெலிவிஷன் சட்டம் நிறைவேறிற்று. அப்போது ராஷ்டிரபதியாயிருந்த ஜார்ஜ் புஷ் அதில் கையெழுத்திடவுமில்லை, அதைத் தடுக்கவுமில்லை. கையெழுத்தின்றியே அது சட்டமாயிற்று. விருந்தினரை வாவென்றும் சொல்லாமல் போவென்றும் சொல்லாமல் வாசலிலே நிறுத்திய கதைதான்.

குழந்தைகளின் கல்வித் தேவைக்கு நிலையங்கள் தொண்டு செய்ய வேண்டுமென்று சட்டம் சொல்லிற்று. எவ்வளவு என்று சொல்லவில்லை. வியாபாரிகளுக்கு அது போதாதா? எதிர்கால உலகத்தில் ஒரு குடும்பம் பறக்கும் வண்டியில் போவதாகக் காட்டும் 'ஜெட்சன்ஸ்' என்ற கேலிச்சித்திரத் தொடர், வரப்போகும் நூற்றாண்டைப்பற்றிக் கற்பிக்கிறது என்று லைசென்ஸ் மனுக்களில் எழுதிக் கொடுத்தார்கள். போர்ச் சிப்பாய்களின் கதையான 'ஜி. ஐ. ஜோ'வும் கல்வியாயிற்று. 1992-ல் இம்மனுக்களைப் பரிசீலித்து வெளியான அறிக்கை ஊரெங்கும் நகைப்பை உண்டாக்கியது. அதன் பிறகுதான் பெடரல் கம்யூனிகேஷன்ஸ் கமிஷன் 1996-ல் கணக்குப் போட்டு ஒரு விதி செய்தது. வாரத்திற்கு 3 மணி நேரம் பாலர் கல்வி நிகழ்ச்சி வேண்டும். ஒவ்வொன்றும் 30 நிமிஷத்திற்குக் குறையலாகாது. காலை 7 மணிக்கும் இரவு 10 மணிக்கும் இடையே, வாரந்தோறும் குறித்த வேளையில் வரவேண்டும். 16 வயதுக்குட்பட்டோருக்குக் கல்வி புகட்டுவதே அதன் முக்கிய நோக்கமாக இருக்க வேண்டும். அது பாலர் கல்வி நிகழ்ச்சி என்று ஒளிபரப்பில் அறிவிக்கவும் வேண்டும். இவ்விதியை நாம் குறை கூறோம். பொய்க்கணக்கு எழுதுகிறவனை நாழிகைக் கணக்கால் மடக்குவதுதான் முறை. அப்படி மடக்கியும், 'யூனிவிஷன்' என்னும் ஸ்பானிய மொழிக் கம்பெனி நெடுங்கதைத் தொடரொன்றைப் பாலர் கல்வி என்று காட்டி, 2007-ல் 2 கோடி 40 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்ததே!

இது இப்படியிருக்க, விஞ்ஞானம் ஒரு புதுமையைக் கொணர்ந்தது. டிஜிட்டல் முறை வந்ததும், முன்பு ஒரே நிகழ்ச்சியைச் சுமந்த 6 மெகாஹெர்ட்ஸ் இடத்தில் பல நிகழ்ச்சி வரிசைகளை ஏககாலத்தில் அனுப்புவது சாத்தியமாயிற்று. தலைமை வரிசைக்குப் பக்கத்தில் கிடைத்த இந்த உபவரிசைகளை என்ன செய்வதென்று நிலையங்களுக்கு முதலில் தெரியவில்லை. பலர் கண்ட சுலபமான வழி வானிலை. ராடார் படம், உஷ்ண நிலை, காற்றின் வேகம், உள்ளூர் நிபுணரின் சில நிமிஷப் பேச்சு, இவற்றை இருபத்துநாலு மணி நேரமும் சுற்றவிட்டால் செலவும் குறைவு, ஜனங்களுக்கு உபயோகமும் உண்டு. என்பிஸி கம்பெனியும் அதைச் சேர்ந்த ஊர் நிலையங்களும் 2004-ல் தொடங்கிய 'வெதர் பிளஸ்' இவ்வகையினது. அது 2008 முடிவில் நின்றுபோயிற்று. தனித்தனி ஊர் நிலையங்கள் நடத்திய வானிலை வரிசைகள் வேறு பல.

அதே 2004-ல் கமிஷன் பாலர் கல்வி விதியை இந்த உபவரிசைகளுக்கும் நீட்டியது. இலவசமாக ஒளிபரப்பும் ஒவ்வொரு 28 மணி நேரத்திற்கும் அரை மணி கல்வி. வாரத்திற்கு 168 மணி நேரமும் ஓடும் வரிசையாயின் ஆறு அரைமணி, அதாவது மறுபடியும் 3 மணி நேரம். கணக்கில் பிழையில்லை. அலைகளை எவ்வளவு அதிகமாக அனுபவிக்கிறாயோ அவ்வளவு அதிகமாகக் கடமை செய் என்பது நியாயமே. ஆனால் அந்த நியாயம் வானிலை வரிசையில் எப்படி இறங்கிற்று என்று பாருங்கள். வாரத்தில் 3 மணி நேரம் ராடார் படத்தை அப்புறப்படுத்திவிட்டு, மலிவாக வாங்கிய பிராணிகள் கதையோ பிரயாணக் கதையோ போட்டு, மூலையில் அடையாளக் குறியைப் பதித்துவிட்டு, நேரம் முடிந்ததும் மறுபடியும் மேகங்களைச் சுற்றவிட்டார்கள். மழை வருமா என்று பார்க்கத் திருப்புகிற குடியானவனுக்கு மழையுமில்லை. குழந்தைகளோ வானிலை வரிசையில் தங்களுக்குக் கதை ஓடுகிறதென்று கனவிலும் அறியார்கள். எவரும் பாராத கல்விக்கு எவரும் கேளாத மணி அடித்தாயிற்று. கணக்கு மட்டும் நேராயிற்று.

விதியின் பக்கத்திலும் பேசவேண்டியது உண்டு. உபவரிசையால் ஏற்பட்ட கடமையை உபவரிசையிலேயே தீர்க்கவேண்டுமென்று கமிஷன் கட்டளையிடவில்லை. அதே அளவு வீடுகளுக்கு எட்டும் வேறொரு வரிசையில், தலைமை வரிசையிலேகூட, அந்த 3 மணியையும் சேர்த்துக் காட்டலாம் என்று வழிவிட்டிருந்தது. வானிலை தடைப்படாமலிருக்க வேண்டுமென்று உண்மையில் கவலைப்பட்ட நிலையம் அப்படிச் செய்திருக்கலாம். ஆனால் தலைமை வரிசையின் நேரம் பணம். அங்கே விளம்பரக்காரன் காத்திருக்கிறான். ஆகவே வானிலை தடைபடுகிறதே என்று விதியைப் பழித்த முதலாளிகளின் கண்ணீரில் பாதியை நாம் தள்ளுபடி செய்கிறோம்.

மீதிப் பாதிக்கு இடமுண்டு. விதியின் உண்மையான குற்றம் அதன் அளவுகோலில் இருந்தது. வானிலையே குழந்தைகளுக்கு ஒரு பாடமன்றோ? மேகம் ஏன் கறுக்கிறது, காற்று ஏன் சுழலுகிறது, ராடார் படத்தில் கொக்கிபோல் வளைந்த வடிவம் எதைக் குறிக்கிறது என்பதை, தன் ஊருக்கு மேலே அன்று நிற்கும் மேகத்தையே காட்டி, உள்ளூர் நிபுணர் நாலு நிமிஷம் குழந்தைகளுக்குச் சொல்வாரானால் அதைவிடச் சிறந்த கல்வி யாது? ஆனால் அது 30 நிமிஷமில்லை. ஆகையால் கணக்கில் சேராது. ஒரு நாளில் பத்து முறை அப்படிச் சொன்னாலும் சேராது. ஆப்பிரிக்கச் சிங்கத்தின் அரைமணிக் கதை சேரும். எந்த வரிசை தன் இயல்பினாலேயே பள்ளிக்கூடமாகியிருக்கலாமோ, அந்த வரிசையைப் பார்த்து, உன் தொழிலை நிறுத்திவிட்டுக் கல்வி செய் என்று சட்டம் சொல்லிற்று.

இது வெறும் தர்க்கமன்று. உயிர் சம்பந்தமான விஷயம். 2011-ம் வருஷம் மே மாதம் 22-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, மிஸ்ஸௌரி ராஜ்யத்தில் ஜாப்ளின் என்னும் நகரத்தை டொர்னேடோ என்ற சுழற்காற்று தாக்கி, 150-க்கு மேற்பட்டோர் மாண்டனர். எச்சரிக்கை இல்லாமலா? ஊதல்கள் முன்னதாகவே ஊதின. சர்க்காரின் தேசிய வானிலை இலாகா பின்னர் நடத்திய விசாரணையில், முதல் ஊதலைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் உடனே பதுங்கிடம் தேடவில்லை என்றும், வேறொரு வழியில் நிச்சயப்படுத்திக்கொள்ளக் காத்திருந்தார்கள் என்றும் தெரியவந்தது. அந்த இலாகா விடுக்கும் அறிவிப்புகளில் 'வாட்ச்' என்பது ஒன்று, 'வார்னிங்' என்பது மற்றொன்று. முன்னது, சுழற்காற்று உண்டாகக்கூடிய நிலைமை இருக்கிறது, கவனமாயிரு என்பது. பின்னது, காற்று கண்ணில் பட்டுவிட்டது அல்லது ராடாரில் தெரிந்துவிட்டது, உடனே பதுங்கு என்பது. இந்த இரண்டு சொற்களின் வித்தியாசத்தைப் பத்து வயதுச் சிறுவன் மனத்தில் பதியவைப்பதற்கு எத்தனை நிமிஷம் வேண்டும்?

பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று சிலர் நகைக்கலாம். 2004-ம் வருஷம் டிஸம்பர் 26-ந் தேதி, நாகப்பட்டினத்தில் நமது ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மடிந்த அதே சுநாமி நாளில், தாய்லாந்தில் புக்கெட் தீவின் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்னும் ஆங்கிலச் சிறுமி நின்றுகொண்டிருந்தாள். வயது 10. கடல்நீர் நுரைத்துப் பொங்கி விபரீதமாக நடப்பதைக் கண்டு, இரண்டு வாரத்திற்கு முன் பூகோள வகுப்பில் உபாத்தியாயர் சொன்னதை நினைவுகூர்ந்து, பெற்றோரிடம் கூவினாள். கரையிலிருந்த சுமார் 100 பேர் பிழைத்தார்கள். அந்தப் பாடம் அரைமணிக்குக் குறைவாயிருந்தால் அது கல்வியாகாதோ?

2019 ஜூலையில் கமிஷன் விதிகளைத் திருத்தியது. மூன்று அங்கத்தினர் ஆதரிக்க, இருவர் எதிர்த்தனர். கட்சிப் பிரிவினையும் அப்படியே. நன்மை ஒன்று உண்டு: வருஷத்திற்கு 156 மணி என்ற மொத்தக் கணக்கில் 52 மணி வரை, விசேஷ நிகழ்ச்சிகளாகவோ 30 நிமிஷத்திற்குக் குறைந்த சிறு நிகழ்ச்சிகளாகவோ இருக்கலாம் என்று இடங்கொடுத்தார்கள். நாம் மேலே கூறிய குற்றத்தை அவர்களே ஒருவாறு ஒப்புக்கொண்டதாக இதைக் கருதலாம். ஆனால் அதே கையெழுத்தில் உபவரிசைகளுக்குரிய கடமை முழுவதையும் ரத்துச் செய்துவிட்டார்கள். வானிலை வரிசை இன்று குழந்தைகளுக்காக ஒரு நிமிஷமும் செலவிடவேண்டிய கடமையில்லை. அளவுகோல் கோணலென்றால் அளவுகோலைத் திருத்துவதை விட்டு, அளக்கவேண்டிய கடமையையே தூக்கி எறிவது எந்த ஊர் நியாயம்?

வேடிக்கை இன்னும் முடியவில்லை. தலைமை வரிசைக்குரிய பாலர் நிகழ்ச்சிகளில் மூன்று மாதத்திற்கு 13 மணி வரை உபவரிசைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றும் புதிய விதி அனுமதிக்கிறது. வருஷத்திற்கு 52 மணி. மொத்தத்தில் மூன்றிலொரு பங்கு. ஆகவே தனக்கென்று கடமையே இல்லாத வானிலை வரிசை, தலைமை வரிசையின் கடமையை இறக்கிவைக்கும் சுமைதாங்கியாகலாம். வானிலை தடைப்படுகிறதே என்று அழுதவர்கள் இதற்கு என்ன சொல்லுவார்கள்? குழந்தைகள் கூட்டமாகப் பார்க்கும் இடத்திலிருந்து கல்வியை எடுத்து, பாராத இடத்தில் போட அனுமதி வாங்கியவர்கள் வானிலையின் நண்பர்களுமல்லர், குழந்தைகளின் நண்பர்களுமல்லர். கம்பியிலும் இண்டர்நெட்டிலும் குழந்தைகளுக்கு நிகழ்ச்சிகள் மலிந்துவிட்டன என்பது அவர்கள் வாதம். மாதச்சந்தா கட்ட முடியாத வீட்டில், வெறும் கம்பத்து ஏரியலை நம்பியிருக்கும் பிள்ளைக்கு அந்த வாதம் என்ன சமாதானம் தரும்?

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. இந்த வானிலை வரிசைகள் விற்கும் சரக்கில் பெரும்பகுதி அவர்கள் சொந்தச் சரக்குமன்று. ராடார்களும், உபக்கிரகங்களும், எச்சரிக்கைகளும் அமெரிக்க ஜனங்களின் வரிப்பணத்தில் நடப்பவை. தேசிய வானிலை இலாகா அவற்றை எல்லோருக்கும் இலவசமாக வழங்குகிறது. 2005-ல், தனியார் வானிலைக் கம்பெனியொன்று குடிகொண்டிருக்கும் பென்ஸில்வேனியா ராஜ்யத்தின் ஸெனட்டர் ரிக் ஸான்டோரம், தனியார் செய்யக்கூடிய வேலையில் அந்த இலாகா போட்டியிடலாகாதென்று ஒரு மசோதாவே கொண்டுவந்தார். நல்லவேளையாக அது நிறைவேறவில்லை. ஜனங்களின் அலை, ஜனங்களின் ராடார், இலாபம் மட்டும் கம்பெனியுடையது. இவ்வளவையும் பெற்றவர்களிடம் ஒன்று கேட்பது பாவமாகாது.

கமிஷன் செய்யவேண்டுவது கடினமானதன்று. உபவரிசைகளின் கடமையை மீட்டும் விதித்து, எந்த வரிசை எந்த விஷயத்தைப்பற்றியதோ அந்த விஷயத்திலேயே குழந்தைகளுக்குப் போதிக்கும் சிறு பாடங்களைக் கணக்கில் ஏற்க வேண்டும். பொய்க்கணக்கைத் தடுக்க, அப்பாடங்களை அந்தந்த ஊர்ப் பள்ளிக்கூட உபாத்தியாயர்களின் பார்வைக்கு வைத்து, அவர்கள் அபிப்பிராயத்தை வருஷ அறிக்கையோடு சேர்க்கச் சொல்லலாம். புயல் அடிக்கும் நேரத்தில் பாடத்தை ஒத்திப்போடவும் இடமளிக்கலாம். அவசரச் செய்திக்காகப் பாலர் நிகழ்ச்சியை விலக்கினால் குற்றமில்லையென்று முன்பே வழக்கமிருக்கிறது. முதல் பாடமாக, 'வாட்ச்' வேறு 'வார்னிங்' வேறு என்பதை, சுழற்காற்று மாதங்கள் தொடங்குவதற்கு முன்னால், ஜாப்ளினிலுள்ள பிள்ளைகளுக்கு நாலு நிமிஷம் சொல்லட்டும்.