சாரலுக்கு முன்னே பச்சைக் கம்பி



ஆனி பிறந்தால் குற்றாலத்தில் சாரல். தென்காசி வரை சுவரெல்லாம் ஊறிவிடும். மோட்டார் ரூமிலும் மாடிப்படியிலும் இருக்கும் இரும்பு ஜங்ஷன் பாக்ஸைத்தான் சொல்ல வருகிறேன். உள்ளே வயர்களை முறுக்கி டேப் சுற்றுகிறார்கள். பச்சை எர்த் கம்பியை மட்டும் வெட்டி ஒதுக்கிவிடுகிறார்கள். கேட்டால், "அது இல்லாமலே லைட் எரியுதே சார்!"

எரியும்தான். டேப் நைந்து பேஸ் கம்பி பெட்டியில் பட்டால்? பெட்டி முழுக்க 230 வோல்ட்.

"30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கோமே" என்பீர்கள். நல்லது. எர்த் இருந்தால் கசிவு அதன் வழியே போகும், அது உடனே விழும். எர்த் இல்லாத பெட்டியில் அது விழுவதற்கு, பெரும்பாலும் யாராவது தொட்டாக வேண்டும். அது ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் உங்கள் பிள்ளையாக இருக்கலாம்.

வரும் பச்சைக் கம்பிகளை எல்லாம் ஒன்றாக இணைத்து, அதிலிருந்து ஒரு துண்டைப் பெட்டியில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் திருகாணியால் முடுக்க வேண்டும். எர்த்துக்குப் பதிலாக நியூட்ரலைப் பெட்டியில் கட்டவே கூடாது. நியூட்ரல் அறுந்தால் பெட்டியே ஷாக் அடிக்கும்.

இந்தச் சீசனுக்கு முன் லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். மூடி போடுமுன் காட்டச் சொல்லுங்கள். எலக்ட்ரீசியனாக இருக்கும் என் மாணவர்களே, கேட்காவிட்டாலும் நீங்களே காட்டுங்கள்.