நம்ம பசங்க

ஐஸ்லாந்தில் டெலிபோன் டைரக்டரி அச்சடித்த காலத்தில் அதைச் சொந்தப் பேர் வரிசையில்தான் போட்டார்கள். ஜனாதிபதியாகவே இருந்தாலும் அப்படித்தான் தேடவேண்டியிருந்தது. குடும்பப் பேர் என்கிற வியாபாரம் அங்கே அநேகமாகக் கிடையாது. அப்பா பேரோடு ஒரு 'சன்' சேர்த்தால் முடிந்தது கதை. கெயிர் மகன் லோகி என்றால் லோகி கெயிர்சன். நம்ம இனிஷியல் சமாசாரம்தான். நாம் முன்னால் போடுகிறோம், அவர்கள் பின்னால் போடுகிறார்கள்.

இந்த லோகி, 2008 பீஜிங் ஒலிம்பிக்ஸில் ஐஸ்லாந்து ஹேண்ட்பால் டீமில் ஆடினார். அவர் பேரின் பின்பாதியில் உட்கார்ந்திருக்கும் கெயிர், 1972 ம்யூனிக் ஒலிம்பிக்ஸில் அதே டீமில் ஆடியவர். காப்டன் ஒலாஃபுர் ஸ்டெஃபான்சனின் தம்பி பாஸ்கெட்பாலில் தேசிய ஆட்டக்காரர். கோச் குட்முண்டுர் குட்முண்ட்சன் (அச்சுப் பிழை இல்லை, அப்பாவுக்கும் அதே பேர்) 1984, 1988 ரெண்டு ஒலிம்பிக்ஸிலும் ஆடியவர். நாட்டின் மொத்த ஜனத்தொகை அப்போது சுமார் 3 லட்சத்து 15 ஆயிரம். இதில் பெண்கள், குழந்தை குட்டி, தாத்தாக்கள், மூட்டுவலிக்காரர்கள் எல்லாரையும் கழித்துவிட்டு மிச்சத்தில் ஒரு டீம் தேறணும். யாரையாவது யாருக்காவது தெரிந்துதான் இருக்கும். அதனாலோ என்னவோ, அங்கே 'நேஷனல் டீம்' என்றெல்லாம் விறைப்பாகச் சொல்வதில்லை. 'ஸ்ட்ராகார்னிர் ஒக்கார்' என்பார்கள். அப்படியே தமிழில் சொன்னால், 'நம்ம பசங்க'.

ஏன் ஹேண்ட்பால்? டிசம்பரில் ரெய்க்யவிக்கில் சூரியன் நாலு மணி நேரம் தலைகாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடும். மிச்ச நேரம் இருட்டு, பனி, காற்று. இந்த லட்சணத்தில் வெளியே போய் ஃபுட்பால் ஆடினால் பந்து ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஹேண்ட்பாலுக்கு 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் ஒரு ஹால் போதும். பக்கத்துக்கு ஏழு பேர். ஊருக்கு ஒரு ஹால் கட்டினால் குளிர்காலம் ஓடிவிடும்.

ஸ்கூல் கிரவுண்டில் பி.டி. மாஸ்டர் பந்தைக் கொடுத்துவிட்டு மரத்தடியில் ஒதுங்குவாரே, அந்த ஹேண்ட்பால் என்று நினைத்துவிடாதீர்கள். பந்தைக் கையில் மூணு விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பந்தோடு மூணு அடிக்கு மேல் எடுத்துவைக்கக் கூடாது. கோலுக்கு முன்னால் 6 மீட்டர் கோடு. அதைத் தரையில் மிதிக்கக் கூடாது, ஆனால் தாவி அந்தரத்தில் இருந்தபடி எறியலாம். எதிரே நூறு கிலோ ஆசாமிகள் கைகோத்த மாதிரி சுவராக நிற்பார்கள். அதைத் தாண்டி எறிகிற பந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலே போகும். அதன் எதிரில் கையில் க்ளவுஸ்கூட இல்லாமல் ஒருத்தர் நிற்பார். அவர்தான் கோல்கீப்பர். அந்த வேலைக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் தகும்.

2008 வருஷம் நம்ம பசங்களுக்கு ஆரம்பமே சரியில்லை. ஜனவரியில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் பதினோராவது இடம். அப்போதைய கோச் விலகிக்கொண்டார், குட்முண்டுர் வந்தார். ஜூனில் மாசிடோனியாவிடம் கோட்டைவிட்டதில் 2009 உலகக் கோப்பைக்குத் தகுதியே போச்சு. நல்லவேளையாக ஒலிம்பிக்ஸ் தகுதிப் போட்டியில் ஸ்வீடனைக் கழற்றிவிட்டுப் பீஜிங்குக்கு விமானம் ஏறினார்கள். பெரிதாக யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

முதல் மேட்சில் ரஷ்யாவை 33-31. அடுத்து, உலக சாம்பியனாக வந்திருந்த ஜெர்மனியை 33-29. கொரியாவிடம் ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். டென்மார்க்கோடு 32-32, எகிப்தோடும் அதே 32-32. கால் இறுதியில் போலந்து, 32-30.

அரை இறுதி ஸ்பெயினோடு. ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை. பீஜிங்கில் சாயங்காலம் என்றால் ஐஸ்லாந்தில் பட்டப்பகல், ஆபீஸ் நேரம். அன்றைக்கு அங்கே எத்தனை ஃபைல் நகர்ந்திருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன். கிரிக்கெட் ஃபைனல் அன்று நம்ம செக்ஷன் எப்படி இருக்கும் என்று யோசித்தாலே போதும். 36-30. ஆறு கோல் வித்தியாசம். மூணு லட்சம் பேர் உள்ள நாடு ஒலிம்பிக்ஸ் ஃபைனலில்!

ஜனாதிபதியின் மனைவி டோரிட் மூசாயெஃப் பீஜிங்கில் காலரியில் இருந்தார். ஜெருசலேமில் பிறந்தவர், ஐஸ்லாந்து பாஷையைப் பிற்பாடு கற்றுக்கொண்டவர். சந்தோஷத்தில் டி.வி. மைக் முன்னால், 'ஐஸ்லாந்துதான் உலகத்திலேயே பெரிய நாடு' என்று சொல்லிவிட்டார். கணக்கில் தப்பு என்பது இருக்கட்டும், இலக்கணமும் தப்பு. 'பெஸ்ட்' என்பதற்குப் பதிலாக 'குட்டெஸ்ட்' என்றால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி 'ஸ்டோராஸ்டா' என்று ஒரு புது வார்த்தை. தாய்மொழியைச் சொந்தப் பிள்ளை மாதிரி பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிற ஜனங்கள். கம்ப்யூட்டருக்குக்கூடத் தங்கள் பாஷையிலேயே பேர் கண்டுபிடித்தவர்கள். கோபப்பட்டிருக்கணும். பதிலுக்கு அந்தத் தப்பை அப்படியே பனியன்களில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். ஃபிரான்ஸ். அந்தக் காலத்து ஃபிரான்ஸ் டீம் என்பது ஒரு கொடுமை. கோலில் தியெரி ஓமேயே, முன்னால் நிகோலா கராபாடிச். 28-23. வெள்ளிதான்.

'தான்' என்றது நம்ம வாய்க்கொழுப்பு. அதுவரை ஒலிம்பிக்ஸ் சரித்திரத்தில் ஐஸ்லாந்து வாங்கிய மெடல் மொத்தம் மூணு: 1956ல் டிரிப்பிள் ஜம்ப், 1984ல் ஜூடோ, 2000ல் போல் வால்ட். நாலாவது இது. டீமாகச் சேர்ந்து வாங்கியதில் முதல். ரெய்க்யவிக் தெருக்களில் கூட்டம் கூடி வரவேற்றது. ஆட்டக்காரர்களுக்கு 'வல்லூறு' என்கிற அரசாங்க விருது கொடுத்தார்கள்.

இது ஆகஸ்ட். அக்டோபர் 7ல் லாண்ட்ஸ்பாங்கி, கிலிட்னிர் என்று ரெண்டு வங்கிகள் கவிழ்ந்தன, 9ல் காவ்ப்திங். நாட்டின் பெரிய வங்கிகளே அந்த மூணுதான். நாட்டின் வருஷ உற்பத்தியைப் போல சுமார் பத்து மடங்கு சொத்துக் கணக்கு காட்டிக்கொண்டிருந்தவை, ஒரே வாரத்தில் காலி. நவம்பரில் சர்வதேச நிதியத்திடம் கடனுக்கு நின்றார்கள். உலகத்திலேயே பெரிய நாடு என்று பனியன் போட்டு ஆறு வாரம்கூட சரியாக முடிந்திருக்குமா என்பது சந்தேகம். வங்கிக்காரர்களும் பெரிய நாடுகளோடு மோதத்தான் கிளம்பினார்கள். ஆனால் அவர்கள் ஆடியது கடன் வாங்கிய பந்தில்.

பசங்க என்னவோ ஆடிக்கொண்டே இருந்தார்கள். ஊரே கடன் தவணையை எண்ணிக்கொண்டிருந்த 2010 ஜனவரியில், வியன்னாவில் போலந்தை 29-26 என்று ஜெயித்து ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு அந்த நாட்டில் நம்பி எடுத்துப் பார்க்கிற மாதிரி இருந்த நம்பர் அநேகமாக இந்த ஸ்கோர் ஒன்றுதான்.

தங்கம்? இருக்கிறது, கொஞ்சம் சுற்றுவழியில். 2016 ரியோ ஒலிம்பிக்ஸுக்கு ஐஸ்லாந்து டீம் தகுதியே பெறவில்லை. ஆனால் வெண்கலம் வாங்கிய ஜெர்மனியின் கோச் டாகுர் சிகுர்ட்சன், ஐஸ்லாந்துக்காரர். ஃபைனலில் டென்மார்க், எதிரே அதே ஃபிரான்ஸ். 28-26, டென்மார்க்குக்குத் தங்கம். 1944ல் எந்த ராஜாவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஐஸ்லாந்து குடியரசானதோ, அதே டென்மார்க். பெஞ்சில் நின்றிருந்த கோச், நம்ம குட்முண்டுர் குட்முண்ட்சன். எட்டு வருஷத்துக் கணக்கு, ஃபிரான்ஸிடம் நேராகத் தீர்த்தார்.

ஒலிம்பிக்ஸில் கோச்சுக்கு மெடல் மாட்டும் வழக்கம் கிடையாது. பீஜிங்கிலும் சரி, ரியோவிலும் சரி, அவர் கழுத்து காலி.